போகும், போகாது

கத்திரி வெயிலில் சிப்காட்டில்
குளிர்ந்து கிடப்பது என் அறை ஒன்றுதான்.
இருபது டிகிரி.
எனக்காக இல்லை, இரும்புக்காக.
வெயிலில் வீங்கிய இரும்பு
தன் அளவைப் பற்றிப் பொய் சொல்லும்.
ஓர் இரவு இங்கே படுத்து ஆறிய பிறகுதான்
அதை விசாரிக்க வேண்டும்.
லேத்துக்காரர்கள் பேனா கேட்டு வருவார்கள்.
கேட்ட பேனாவை மறந்து
ஏசிக்கு நேராக நின்றுவிட்டுப் போவார்கள்.

என் கையில் ஒரு சிறு உருளை,
இரு முனையிலும் மரை.
பச்சை முனை நட்டுக்குள் போக வேண்டும்.
சிவப்பு முனை போகக் கூடாது.
இதற்கா சம்பளம் என்று
என் நாத்தனார் சிரிப்பாள்.

எதற்கான நட்டு என்று யாரும் சொன்னதில்லை.
வரைபடத்தில் ஓர் எண், திருத்தம் 'சி',
மூலையில் ராணுவத்தின் முத்திரை.
வண்டியோ, பாலமோ, பீரங்கியோ.
போர் வந்தால் என்று
யாராவது பேச்செடுத்தாலே
எழுந்து போய்விடுகிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை
சிவப்பு முனை போனது.
தட்டாமல், தடுமாறாமல்,
சொந்த வீட்டுக்குள் நுழைவது போல.
அடுத்ததிலும் போனது.
ராத்திரி கரண்ட் போய் வந்தபோது
அருளப்பனின் டேப் கொஞ்சம் ஆடியிருக்கிறது.
மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு.

முதலாளி கலியமூர்த்தி வந்து
ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் ஏற்றிக் காட்டினார்.
"புடிக்குதா இல்லியா?
தலமுடியில கால்வாசி.
எதிரி வந்து அளந்தா பாக்கப் போறான்?"

பிடிக்கத்தான் செய்தது.
அது நம் போல்ட்டு.
நம் போல்ட்டும் நம் நட்டும்
ஒரே கூரைக்கடியில் எப்படியும் ஒத்துப்போகும்.
இது போய்ச் சேர வேண்டியது
லூதியானாவில் எவரோ கடைந்த போல்ட்டில்.
அவருக்கு என்னைத் தெரியாது.
எங்கள் இருவரையும் தெரியாத ஒருவன்
பனியில் கையுறையைக் கழற்றி
இருட்டில் விரலால் தேடிச் சுற்றுவான்.
அவனிடம் உதிரியாக இரண்டே நட்டு இருக்கும்.
அப்போது அவன்
அரத்தைத் தேடக் கூடாது.

என் வீடு குண்டு உப்பலவாடியில்.
தேவனாம்பட்டினம் கோட்டையிலிருந்து சுட்ட குண்டு
விழுந்த இடம் வரைக்கும்
எங்கள் நிலம் என்று வெள்ளைக்காரன் வளைத்ததாக
ஊர்ப்பெயருக்கு ஒரு கதை.
ஊரைப் பீரங்கியால் அளந்தவர்கள்
பீரங்கியை எதனால் அளந்தார்கள்?
வடக்கே, ஒரு பஸ் தூரத்தில், பிரெஞ்சுக்காரன்.
அவனிடமும் பன்னிரண்டு ராத்தல் குண்டு,
இவனிடமும் பன்னிரண்டு ராத்தல் குண்டு.
பன்னிரண்டு பன்னிரண்டுதான்.
ராத்தல்தான் வேறு.
புதுச்சேரிக் குண்டு
கடலூர்ப் பீரங்கியின் வாயிலேயே நின்றுவிடும்.
கடலூர்க் குண்டு
புதுச்சேரிப் பீரங்கிக்குள் கடகடவென்று உருளும்,
பாதி நெருப்பு பக்கவாட்டில் கசிய,
பாதி வழியில் விழும்.
பிடித்த பீரங்கியைத் திருப்பி வைத்துவிட்டு
மலை போல் குண்டுகளின் நடுவே
வெறுங்கையோடு எவனாவது நின்றிருப்பான்.
சில ராத்திரிகளில் அவனை நினைத்துக்கொள்கிறேன்.
அவன் எந்தக் கொடிக்காரன் என்று
கேட்டுக்கொண்டதில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும்
நானே சிவப்பு பெயிண்ட் வைத்தேன்.
கலியமூர்த்தி வாசலில் நின்று எண்ணினார்,
நான் எண்ணத் தவறுவேன் என்பது போல.
அந்த வாரம் அருளப்பனுக்குக் கூலியில் பிடித்தம்.
அவன் மகளுக்கு அந்த மாதம்தான்
பள்ளிக்கூடம் திறந்தது.
எட்டு நாள்
பேனா கேட்டு வரவில்லை.

ஒன்பதாம் நாள் வந்தான்.
எதையும் கேட்காமல்
மேசையில் ஒரு நட்டை வைத்துவிட்டு
ஏசியின் கீழே போய் நின்றான்.
தொட்டுப் பார்த்தேன்.
இன்னும் சூடு.

"நாளைக்குப் பாக்குறேன்" என்றேன்.